போன கிழமை ஒரு மணித்தியாலமாவது

புதிதாக நியமனம் பெற்ற பிள்ளைகளுக்கு மாத்தளையில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஓய்வுபெற்று அலுவிகாரையில் வீட்டோடு இருக்கும் என்னையும் ஒருநாள் வந்து பேசச் சொன்னார்கள். தொழிற்படை அளவீடு பற்றித்தான் பேச்சு. எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் வேலை அது. என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி அதில்தான் போனது.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். போன கிழமை, அந்த ஏழு நாளில், ஒரேயொரு மணித்தியாலம் வேலை செய்தவரையும் வேலையுள்ளவர் என்று பதிகிறோமே, இது வேலையின்மையைக் குறைத்துக் காட்டுகிற தந்திரம் இல்லையா என்று. நான் புத்தகத்தில் உள்ள பதிலைச் சொன்னேன். இது நம் நாட்டு ஏற்பாடு அல்ல, உலகமெங்கும் இப்படித்தான். நாட்டில் நடக்கிற சின்ன வேலையும் கணக்கில் விடுபடக்கூடாது என்பதற்காக வைத்த எல்லை அது. வேலை போதுமா, நேரம் போதுமா என்பதைத் தனிக் கேள்விகளாகக் கேட்கிறோம். நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை திருப்தியில்லாமல் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு மகேந்திரனின் நினைவு வந்தது. அவரைப் பற்றி அங்கே சொல்லியிருக்க முடியாது. இங்கே சொல்லும்போதும் அது அவருடைய உண்மைப் பெயரல்ல. வீடு இருந்த இடத்தையும் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நான் பட்டதாரி நியமனத்தில் சேர்ந்து முதலில் யட்டவத்தைப் பிரதேச செயலகத்தில் இருந்தேன். சந்தையில் விலை எடுப்பது, வயலில் விளைச்சல் அளப்பது, குடிசன மதிப்புக் கணக்கெடுப்பு என்று வருடங்கள் ஓடின. கேள்வி கேட்பது எப்படி என்று நான் உண்மையில் படித்தது, நடேசலிங்கம் சேர் மாவட்ட அலுவலகத்துக்குப் பொறுப்பாக வந்த பிறகுதான். யாழ்ப்பாணத்துக்காரர். ஏறக்குறைய என் வயது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மாத்தளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அளவீட்டுக்குப் போகும் வீட்டில் தேநீர் குடிக்கமாட்டார். தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைக் கையிலேயே வைத்திருப்பார். கேள்வியைப் படிவத்தில் உள்ளபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசிப்பார். வாசித்துவிட்டுப் பேசாமல் இருப்பார். எதிரில் இருப்பவர் யோசிக்கிறாரா, தயங்குகிறாரா, வேறு கதை பேசுகிறாரா, எதற்கும் அவசரப்படுத்தமாட்டார். அந்த மௌனம் எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இடையில் ஒரு சொல் எடுத்துக் கொடுத்துவிடுவோம். வெளியே வந்ததும் அதற்குத்தான் ஏச்சு விழும்.

யட்டவத்தைப் பக்கம் ஒரு வீட்டில், முற்றத்தில் பாய் விரித்து மிளகுக் கொத்தை உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "நீங்க வேலை ஏதும் செய்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "இல்ல மிஸ், நான் சும்மாதான் இருக்கேன்" என்றார். உதிர்த்த மிளகு புருஷனின் வியாபாரத்துக்கு. அதையும் வேலையென்றுதான் பதிய வேண்டும். சேர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் சொன்னார்: "வேலை செய்யிறீங்களா எண்டு கேக்கக்கூடாது மிஸ். எது வேலை எண்டு அவையளுக்கு ஒரு நினைப்பு இருக்கு. நாங்கள் அதைக் கேக்க வரேல்லை. போன கிழமை என்ன செய்தவை எண்டுதான் கேக்க வந்தனாங்கள்." அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை அப்படிப் பாவித்ததில்லை.

நான் சொல்ல வந்தது, பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்ற காலத்தை. பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கேஸுக்கு வரிசை. அப்போதும் அளவீடு நிற்கவில்லை. பஸ் வந்தால் பஸ்ஸில் போனோம், வராவிட்டால் நடந்தோம். உக்குவளையில் அளவீட்டுக்குத் தெரிவான வீடுகளில் ஒன்று, ரயில் பாதைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. சரோஜா என்ற பெண் கதவைத் திறந்தார். புருஷன் மகேந்திரன். சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மகள். வீடு துப்புரவாக இருந்தது. கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

புருஷன் வீட்டில் இல்லாததால் அவருக்காகவும் சரோஜாவே பதில் சொன்னார். அலுவிகாரைப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் வருகிற வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் கைடாக இருக்கிறார், காலையில் போனால் பின்னேரம் வருவார் என்றார். அவர் ஜெர்மன் பாஷைகூடப் பேசுவார் என்றும் சொன்னார். நான் தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். சொன்னார்.

அந்தத் தோட்டத்தின் கேட் மூடிக் கிடப்பதை நான் தினமும் பார்க்கிறவள். கொரோனாவோடு மூடியது, திறக்கவே இல்லை. பெயர்ப்பலகைக்கு மேல் கொடி படர்ந்திருந்தது. ஆனால் பதில் சொல்பவரிடம் நீங்கள் சொல்வது பொய் என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஆளையே நேரில் காண வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்து சேரிடம் சொன்னேன். அவர் மீள்பரிசோதனைக்கென்று சில வீடுகளுக்குத் தானே போவது வழக்கம். "ஞாயிற்றுக்கிழமை போவம்" என்றார்.

ஞாயிறன்று மகேந்திரன் வீட்டில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான ஆள், விருந்தாளிகளை வரவேற்றுப் பழகிய சிரிப்பு. கதிரையைத் துடைத்துப் போட்டார். சேர் கேள்வியை வாசித்தார். மகேந்திரன் மனைவி சொன்னதையே சொன்னார். சரோஜா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். சேர் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். ஆனால் அன்று அந்த மௌனத்தை அவரே முறித்தார். அடுத்த வீட்டுக்கு வழி தெரியவில்லை, கொஞ்சம் கூட வந்து காட்டுவீர்களா என்று கேட்டார். அடுத்த வீட்டுக்கு வழி எங்கள் இருவருக்கும் தெரியும்.

மேட்டிலிருந்து இறங்கி ரயில் பாதை ஓரமாக நடந்தோம். வீடு மறைகிற வளைவில் மகேந்திரன் நின்றார்.

"சேர், நான் சொன்னது பொய். தோட்டம் மூடி ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு. வேலை இல்லாதவன்னு எழுதிக்கிங்க. வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாம்."

தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி டவுனுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். ஆரம்பத்தில் கடை கடையாக ஏறி வேலை கேட்டிருக்கிறார். ஜெர்மன் தெரியும் என்று சொன்னால் சிரித்தார்களாம். இப்போது கேட்பதையும் விட்டுவிட்டார். அவர் சொல்லச் சொல்ல என் மனம் அதைப் பதிவுக்குள் அடுக்கிக்கொண்டே போனது. கடந்த நான்கு கிழமைக்குள் வேலை தேடாதவர் வேலையற்றவர் ஆகமாட்டார். வேலையுள்ளவரும் அல்ல, வேலையற்றவரும் அல்ல; தொழிற்படைக்கே வெளியே நிற்பவர். அதை எப்படி இவரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சேர் எதையும் எழுதவில்லை. முதல் கேள்வியிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். போன கிழமை, சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ, பணமாகவோ பொருளாகவோ கிடைக்கக்கூடிய ஏதாவது வேலையை ஒரு மணித்தியாலமாவது செய்தீர்களா? வாசித்துவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்டிப் பக்கம் போகும் பஸ் ஒன்று தூரத்தில் ஹோர்ன் அடித்தது. மகேந்திரன் நெடுநேரம் யோசித்தார்.

"கேஸ் வரிசையில நிக்கிறேன் சேர். எனக்கில்ல, டவுன்ல ஒரு ஹோட்டலுக்கு. அவங்க சிலிண்டர வச்சிக்கிட்டு நிக்கணும். அது வேலையா?"

"என்ன தருவினம்?"

"மத்தியானம் ஒரு சோத்துப் பார்சல். லொறி வந்து கேஸ் கெடைச்சா கையில ஏதாவது தருவாங்க."

"எவ்வளவு நேரம் நிப்பியள்?"

"விடிஞ்சதுல இருந்து லொறி வர்ற வரைக்கும். வராட்டி அடுத்த நாளும்."

சேர் படிவம் இருந்த டெப் கணினியில் விரலால் தட்டிப் பதிந்தார். மகேந்திரன் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். தன்னை வேலையுள்ளவர் என்றுதான் பதிந்தார் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கேட்டும்விட்டார்.

"எங்கட வரைவிலக்கணப்படி நீங்கள் வேலையற்றவர் இல்லை" என்றார் சேர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

மகேந்திரன் டெப்பில் இருந்து பார்வையை எடுத்தார். பிறகு சொன்னார்: "வேலை இல்லன்னு வாயால சொல்றதுக்கு ரெண்டு வருஷமா எனக்குத் தைரியம் வரல சேர். இன்னைக்குத்தான் சொன்னேன். அதையும் எடுத்துக்க மாட்டேங்கிறீங்களே."

சேர் மறுபடி டெப்பைப் பார்த்தார். அடுத்த கேள்வி, செய்யும் வேலையின் நேரம் போதாமல் இன்னும் கூடுதலாக உழைக்க விருப்பமா என்பது. குறைந்த நேரமே வேலை கிடைப்பவர்களை அதில்தான் பிடிப்போம். மகேந்திரன் அதற்குள்ளும் வரவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நின்றிருக்கிறார். நேரக் கணக்கில் அவர் ஒரு முழுநேரத் தொழிலாளி.

திரும்பி வரும்போது நான் சேரிடம், வேலையற்றவர் என்று போட்டிருந்தால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இரக்கப்பட்டு ஒருவருக்கு மாற்றிப் போட்டால், இரக்கமில்லாத இன்னொருவர் வேறு விதமாக மாற்றிப் போடுவார், பிறகு எங்களுடைய எண்ணை யார் நம்புவது என்றார். அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரியென்றுதான் சொல்வேன். அன்று அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கவே இல்லை என்பதையும் கவனித்தேன்.

சில கிழமை கழித்து எங்கள் வீட்டிலும் கேஸ் முடிந்தது. என் கணவருக்கு முழங்கால் வருத்தம். ஆகவே லீவு போட்டுவிட்டு நானே சிலிண்டரோடு டவுனில் வரிசையில் நின்றேன். எனக்குச் சற்று முன்னால் மகேந்திரன் நின்றார், அதே வெள்ளைச் சட்டையில், ஹோட்டலின் சிலிண்டரோடு. என்னைக் கண்டு தலையை மட்டும் அசைத்தார். நானும் அசைத்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஹோட்டல் பையன் ஒருவன் வந்து அவரிடம் சோற்றுப் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனான். லொறி கண்டியில் இருந்து புறப்பட்டுவிட்டது என்றார்கள். பிறகு புறப்படவில்லை என்றார்கள். ஆட்கள் தங்கள் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்தார்கள். மகேந்திரனும் உட்கார்ந்தார். பிறகு முன்பக்கமாகக் குனிந்தார். செருப்பைச் சரிசெய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கீழே சரிந்ததும் ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். நான் போய்த் தலையைத் தூக்கிப் பிடித்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், உள்ளே இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஓட்டோக்களில் ஒன்றிலும் எண்ணெய் இல்லை. ஒரு மரக்கறி லொறியை மறித்து ஏற்றினார்கள். சிலிண்டரைப் பார்த்துக்கொள்ளும்படி பின்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிவிட்டு நானும் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு லொறி திரும்பும்போதே, உயிர் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கலிமாதான் என் வாயில் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மரண விசாரணை. கூட நின்றவள் என்பதால் என்னிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். விசாரணை அதிகாரி வயதான சிங்களவர், பொறுமையான மனிதர். இறந்தவரின் தொழில் என்ன என்று கேட்டார். "கைடு" என்றார் சரோஜா. அந்தத் தோட்டம் மூடியிருப்பதாகப் பொலிஸார் சொல்கிறார்களே என்றார் அதிகாரி. சரோஜா தலையைக் குனிந்தபடி, "தெரியும்" என்றார். சிங்களத்தில்தான் சொன்னார், ஒரே சொல்.

சரோஜாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஹோட்டல்காரரும் வந்திருந்தார். தான் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை, அவராகத்தான் வந்து நின்றார், பாவம் பார்த்துச் சாப்பாடு கொடுத்தேன் என்றார். பயந்திருந்தார். அவரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அவருடைய கடையும் அப்போது பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது.

என் முறை வந்தபோது நான் வரிசையில் கண்ணால் கண்டதைச் சொன்னேன். அது நான் லீவில், எனக்காக நின்ற இடத்தில் கண்டது; அளவீட்டில் கேட்டதல்ல. இவர் அந்த ஹோட்டலின் சிலிண்டரோடு நின்றார், சாப்பாட்டுப் பார்சலும் அங்கிருந்துதான் வந்தது, இது கூலி வேலைதானே, அப்படியே எழுதலாமே என்றேன். அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வரிசையில் நிற்பதை ஒரு தொழிலென்று எப்படி எழுதுவது மிஸ், அப்படிப் பார்த்தால் இன்றைக்கு நாடு முழுவதும் தொழிலாளிதானே என்றார். கேலியாகச் சொல்லவில்லை. தொழில் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார்.

வெளியே மரத்தடியில் சரோஜாவோடு நின்றேன். உறவுக்காரர்கள் வாகனம் தேடிப் போயிருந்தார்கள். தோட்டம் மூடிய முதல் மாதத்திலேயே, அங்கே கூட்டிப் பெருக்கிய பெண்ணொருத்தியைக் கடையில் கண்டு விஷயம் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். ஏன் அவரிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா வீட்டிலயே உக்காந்திருப்பாரு மிஸ். சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போற வரைக்கும் மனுசனா இருந்தாரு."

பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு ரோட்டுல உங்ககிட்ட ஏதோ சொன்னாரு. வந்து ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. நீங்க அவர என்னன்னு எழுதினீங்க?"

அளவீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. வேலைக்குச் சேரும்போது சத்தியம் செய்து கொடுத்திருக்கிறோம். கட்டின மனைவியானாலும், ஆள் செத்துப் போனாலும் அது மாறாது. நான் வாயைத் திறக்கவில்லை. சரோஜா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி மிஸ், சொல்ல வேணாம்" என்று என் கையை விட்டார். அதுவரை என் கையைப் பிடித்திருந்தார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அலுவலகத்தில் சேரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த ஒரு பதிலை மட்டும் சரோஜாவுக்குச் சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "ஏலாது மிஸ்" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் அவரை வீட்டில சொன்னதோடயே விட்டிருக்கலாம். ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டனான்" என்றார். அவ்வளவுதான். பின்னேரம் மரண வீட்டுக்குப் போனோம். அவர் அங்கே நெடுநேரம் நின்றார். கொண்டுவந்து கொடுத்த சோடாவைக் குடித்தார்.

அந்தக் காலாண்டின் அறிக்கை வெளிவர மாதங்களானது. மகேந்திரன் அதில் வேலையுள்ளவர்களின் நிரலில் இருந்தார். பெயராக அல்ல, எண்ணின் ஒரு துளியாக. நாங்கள் எல்லா வீட்டுக்கும் போவதில்லை. தெரிவான ஒருவர், போகாத வீடுகளில் இருக்கும் அவரைப் போன்ற பலருக்காகவும் கணக்கில் நிற்பார். அப்படி அவர் எத்தனை பேருக்காக நின்றாரோ. ஆண்களில் வேலையில்லாதோர் அதிகம் இல்லை என்று மாவட்டக் கூட்டத்தில் ஒருவர் அந்த அட்டவணையைக் காட்டிப் பேசினார். சேர் எழும்பி, அட்டவணை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளக்க ஆரம்பித்தார். நேரமாகிவிட்டது என்று அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

கேஸ் வரிசை அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தது. ஆனால் அது முழுக்க முடிவதற்கு முன் நான் இன்னொரு தடவை நிற்க வேண்டி வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் குடையோடு நின்ற பெண் திரும்பினார். சரோஜா. காலடியில் ஹோட்டலின் பெயர் பெயின்ற்றால் எழுதிய சிலிண்டர் இருந்தது. மகளுக்குச் சாதாரணதரச் சோதனை வருகிறதாம், செலவு இருக்கிறதாம். ஹோட்டல்காரரே ஆளனுப்பிக் கேட்டாராம். பார்சல் ரெண்டு தருகிறார் என்றார். என்னையும் குடைக்குள் இழுத்துக்கொண்டார்.

வரிசை நகரவில்லை. அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"இது வேலைதானா மிஸ்?"

இது படிவத்தில் யாரும் சொன்ன பதிலல்ல. ரோட்டில் நின்று ஒரு பெண் என்னிடம் கேட்கிற கேள்வி. சொல்லக்கூடாது என்று இதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

"வேலைதான்" என்றேன். "ஒரு மணித்தியாலம் நின்னாலும் வேலைதான். யார் நின்னாலும் எங்க கணக்குல அப்பிடித்தான்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார், ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். லொறி வருகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். ஆட்கள் சிலிண்டரை உருட்டத் தொடங்கினார்கள். சரோஜாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து உருட்டினார்.